நாலு கிலோ எண்ணூறு

சேலத்தில் குழந்தைச் சாமான்கள் விற்கும் ஏசி கடை ஒன்றுக்குள், காப்பிக்கொட்டைச் சாக்கு நிறுக்கிற கொக்கித் தராசைத் துணிப்பைக்குள் ஒளித்து எடுத்துப் போனவன் நான். அங்கே வரிசையாக நிறுத்தி வைத்திருந்த குழந்தை வண்டிகளை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு உயரத் தூக்கி, முள் எங்கே நிற்கிறது என்று கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். மூன்றாவது வண்டி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது காவலாளி வந்துவிட்டார்.

ஐம்பதை நெருங்கும் வயதில், நாலு புத்தகம் படித்தவன், வாரப் பத்திரிகையில் சிரிப்புப் பக்கம் எழுதிப் பிழைக்கிறவன் செய்கிற காரியமா இது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்த எடையை என்னால் நம்ப முடியவில்லை. அச்சில் வந்ததையெல்லாம் நம்பக் கூடாது என்பது அச்சுக்கு எழுதுகிறவனுக்குத்தான் முதலில் தெரியும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவியிருக்கிறது. ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்காதே என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். எது ஐந்து கிலோவுக்குக் கீழே என்று கண்டுபிடிப்பதற்காக, கடையில் இருந்த எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு அப்போது இரண்டே கால் வயது. எடை பதினோரு கிலோ. டாக்டர் கணக்குப்படி அவளில் பாதிக்கும் குறைவாகத்தான் நான் தூக்கலாம். கோர்ட் அதைவிடவும் குறைவாக ஒதுக்கியிருந்தது.

அவளுக்கு ஒன்பது மாதம் நடக்கும்போது நானும் அவள் அம்மாவும் பிரிந்தோம். யார் மேல் தப்பு என்று கேட்கிறவர்களுக்காக நான் வைத்திருக்கும் பதில் நீளமானது, சுவையானது, பொய்யானது. உண்மையான பதில் இரண்டே சொல்தான்: என் மேல். தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டவன் நான். அதற்குள் தனியாக இருப்பதில் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது. வீட்டில் இரண்டு பேர் இருக்கும்போதும் அந்தப் பயிற்சியை நான் விடவில்லை. அவர் பொறுத்துப் பார்த்தார், பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்குப் போய்விட்டார். நான் ஏற்காட்டிலேயே இருந்துவிட்டேன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், சேலத்தில் ஒரு அறையில் நான் மகளைப் பார்க்கலாம் என்று தாளில் எழுதித் தந்திருந்தார்கள். அந்த அறையில் ஒரு காது பிய்ந்துபோன யானை பொம்மை உண்டு. உள்ளே நுழைந்ததும் அவள் நேரே யானையிடம் போவாள். யானையை அவளுக்குத் தெரியும். "அப்பாவுக்கு ஹாய் சொல்லு கண்ணு" என்று அவள் அம்மா வாசலிலிருந்து சொல்லுவார். அவள் கையை ஆட்டி ஹாய் சொல்லுவாள், யானைக்கு. ஒரு மணி நேரம் முடிந்ததும் கிளம்பிவிடுவாள். அழுததில்லை. நான் வந்ததற்கும் அழுததில்லை, போனதற்கும் அழுததில்லை. பஸ் ஸ்டாண்டில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்காக யாராவது அழுவார்களா?

பிறகு அவள் அம்மாவுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. போன் செய்து சொன்னார்.

"அடுத்த மாசம் போறோங்க. வேற வழியில்ல. போறதுக்கு முன்னாடி ஒரு நாள் பாப்பாவ ஏற்காட்டுக்கு நானே கூட்டிட்டு வரேன். காலைல ஒம்பதுக்கு விடறேன், சாயங்காலம் அஞ்சுக்கு வந்து கூட்டிக்கறேன். தாள்ல இல்லாததுதான். பரவால்ல."

தூரம் போனால் என்ன செய்வது என்றும் தாளில் ஒரு வரி இருந்தது. வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, எனக்கு ஒரு பகல் இருந்தது. எட்டு மணி நேரம். அதற்குள் நடக்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் முகம் அவளுக்குள் ஒரு ஆளின் முகமாக இறங்கிவிட வேண்டும். நாளைக்குப் புனேவில் போன் திரையில் நான் தெரியும்போது, யார் இது என்று அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் என்னைப் பார்க்க வேண்டும். 'அப்பா' என்ற சொல்லுக்கெல்லாம் ஆசைப்படவில்லை என்று எழுத நினைத்தேன். எழுதிப் பார்த்தால் பொய் பளிச்சென்று தெரிகிறது. ஆசைப்பட்டேன்.

வண்டி எதற்கு என்றால், என் வீடு இருக்கும் இடம் அப்படி. ஏரியிலிருந்து கிளியூர் போகிற ரோட்டில் பத்து நிமிடம் நடந்தால் இடது பக்கம் ஒரு சிமென்ட் சந்து செங்குத்தாக ஏறும். கார் ஏறாது, ஆட்டோ ஏறுவதற்கு மறுக்கும். சந்து முடிகிற இடத்தில் பதினோரு படி. படிக்கு மேலே என் வீடு. இந்த ஊரில் குழந்தைகள் இடுப்பில் போகும், தோளில் போகும், காலில் செருப்பு வந்ததும் ஓடும். வண்டியில் வைத்துத் தள்ளுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், அதுவும் ஏரிக்கரையில் மட்டும். ஏற்காட்டில் சக்கரம் வைத்த எதையும் பாதித் தூரம் நாம் தூக்கிக்கொண்டு போகவேண்டும், மீதித் தூரம் அது நம்மை இழுத்துக்கொண்டு போகும். எனக்கோ இடுப்பும் கிடையாது, தோளும் கிடையாது. அதனால் எடை ஒன்றுதான் விஷயம் என்று முடிவு செய்துவிட்டேன். சக்கரத்தின் விட்டம், மடிக்கும் முறை, வார்ப்பட்டையின் கொக்கி என்று ஒரு மாதம் ராப்பகலாகப் படித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் கல்யாணத்தைப் பற்றி இதில் பாதி படித்திருந்தால் வண்டிக்கே வேலை இருந்திருக்காது.

கடைக்கு வருகிறேன். காவலாளியை ஒரு விற்பனைப் பெண் கையமர்த்தி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தது.

"வுடுங்கண்ணா, நான் பாத்துக்கறேன். சொல்லுங்க சார், கொழந்தைக்கு எத்தன மாசமுங்க?"

"இருபத்தேழு."

"பேரனுங்களா, பேத்திங்களா?"

"மகள்."

அந்தப் பெண் ஒரு கணம் தராசைப் பார்த்தது, என் தலைமுடியைப் பார்த்தது. "அதுக்கென்னங்க சார்," என்றது பெருந்தன்மையாக.

பிறகு ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து காட்டியது. கனமான, கம்பீரமான வண்டி. "இதுல சீட்டத் திருப்பி மாட்டிக்கலாமுங்க. அந்தப் பக்கம் பாத்தும் உக்காரலாம், உங்களப் பாத்தும் உக்காரலாம். பாப்பா உங்க மூஞ்சியப் பாத்துட்டே வரும், நீங்க பேசிட்டே தள்ளலாம். சின்னக் கொழந்தைங்களுக்கு நொம்ப நல்லதுங்க."

கொக்கியில் மாட்டினேன். ஒன்பது கிலோ தாண்டி முள் நின்றது. இடுப்பில் ஒரு நரம்பு தன் கருத்தைத் தெரிவித்தது.

"என் மூஞ்சிய அது எதுக்குங்க பாக்கணும்? ஏற்காட்டுல பாக்கறதுக்கு வேற எவ்வளவோ நல்லது இருக்குது," என்றேன்.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், காவலாளி உட்பட. என் தொழிலில் இருப்பவனுக்கு இது ஒரு வியாதி. நாலு பேர் சிரித்துவிட்டால் சொன்னது சரி என்று நினைத்துக்கொள்வான்.

கடைசியில் குடை மாதிரி மடங்கித் தோளில் தொங்குகிற ஒரு வண்டியை எடுத்தேன். சீட் ஒரே பக்கம்தான், முன்னால் பார்த்தபடி. பெட்டியில் ஐந்து கிலோவுக்குக் கீழே என்று போட்டிருந்தது, தராசு ஐந்து இருநூறு காட்டியது. நான் வென்றுவிட்ட மாதிரி அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

"மேல்மூடியோட நிறுத்தா அப்படித்தானுங்க இருக்கும்."

"அப்ப மூடியக் கழட்டிருங்க."

"வெயிலடிக்குமுங்களே சார்?"

"ஏற்காட்டுல ஏதுங்க வெயில்?"

"அப்பப் பனி?"

"குல்லா போட்டுக்கறது."

"உங்களுக்குங்களா?"

"பாப்பாவுக்கு."

மூடியும் தண்ணீர்ப் புட்டி வைக்கிற வளையமும் கழன்றன. நாலு கிலோ எண்ணூறு. அன்றைக்கு அந்த எண் எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை எந்தப் பரிசும் கொடுத்ததில்லை. பரிசு எதுவும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். பதினோரு கிலோ அரிசியை மூட்டையாகக் கட்டி, வண்டியில் வைத்து, வார்ப்பட்டை போட்டு, சந்தில் ஏறி இறங்கினேன். மூன்று வீடு கீழே ஒரு அக்கா இருக்கிறார். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் வேலை. ஏறக்குறைய என் வயதுதான், ஆனால் ஊருக்கே அக்கா. அவர் வாசலில் நின்று இரண்டு நாள் பேசாமல் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டார்:

"ஏனுங்க சார், அரிசிக்கு ஊரு சுத்திக் காட்டறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "வரட்டும், வரட்டும். சாமி எங்கூட்டுக்கும் வரட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை வந்தது. முந்தின வாரம் மழை பெய்து காப்பி பூத்திருந்தது. ஒன்பது மணிக்கு ஏரிக்கரையில் கார் நின்றது. அவள் அம்மா அவளை இறக்கி, வண்டியில் உட்கார வைத்து, வார்ப்பட்டையைத் தானே மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். "ரெண்டு செட்டு துணி பையில இருக்குங்க. தயிர் சாதம்னா சாப்பிடுவா. தூங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் அழுவா, அது சும்மா. நான் ஊருக்குள்ளதான் ஃப்ரெண்டு வீட்டுல இருப்பேன்." போய்விட்டார். குழந்தை அழவில்லை. புது வண்டியின் கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு, எங்கே போகலாம் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஏரியைச் சுற்றித் தள்ள ஆரம்பித்தேன். சொல்வதற்கு ஏழு கதை தயார் செய்து வைத்திருந்தேன். படகைக் காட்டினேன், வாத்தைக் காட்டினேன், குதிரையைக் காட்டினேன். முதல் கதையைச் சொன்னேன். நல்ல கதை. அவள் அசையவில்லை. இரண்டாவது கதையையும் சொல்லி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் என்னைப் பார்க்கவேயில்லை. பார்க்க முடியாது. அவள் முகம் முன்னால், நான் பின்னால்.

எதிரே வந்தவர்களுக்கெல்லாம் அவள் சிரித்தாள். பலூன்காரருக்கு ஒரு சிரிப்பு. தேனிலவுக்கு வந்த ஜோடிக்கு ஒரு சிரிப்பு, அதில் அந்தப் பெண் குனிந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். மக்காச்சோளம் சுடுகிற அம்மாவுக்கு, குதிரைக்கு, குதிரைக்காரருக்கு. அன்று ஏரிக்கரைக்கு வந்த அத்தனை பேரும் என் மகள் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு வகிடு தெரிந்தது. நேராக எடுத்த வகிடு, இரண்டு பக்கமும் சிவப்பு கிளிப்.

வண்டியை நிறுத்தி, பிரேக் போட்டு, முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தேன். "பாப்பா, யாரு பாரு!" பார்த்தாள். புதிதாக எதிரே வந்த இன்னொரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒரு பிஸ்கட் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். மறுபடி பின்னால் போனேன். அவளைப் பொறுத்தவரை ஒரு ஆள் எங்கிருந்தோ முளைக்கிறான், பிஸ்கட் கொடுக்கிறான், மறைந்து போகிறான். வண்டி தானாக ஓடுகிறது. ஒன்றரை வருஷமாக மாதத்துக்கு ஒரு முறை நான் செய்துகொண்டிருந்த வேலையை, சக்கரம் பொருத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை செய்துகொண்டிருந்தேன். முழங்கால் விட்டுப் போகிற வரைக்கும், எட்டுத் தடவையோ ஒன்பது தடவையோ, முளைத்து மறைந்தேன்.

படகுத் துறைக்குப் பக்கத்தில் வெயில் ஏறியது. ஏற்காட்டிலும் வெயில் உண்டு. நான் மாட்டிவிட்ட குல்லாவை இழுத்துக் கீழே போட்டுவிட்டு அவள் தலையைப் பின்னால் சாய்த்து அண்ணாந்து பார்த்தாள். மேல்மூடி இருந்திருந்தால் மூடி தெரிந்திருக்கும். மூடி வீட்டில் பரண்மேல் இருந்தது. அதனால் என்னைப் பார்த்தாள், தலைகீழாக. வானத்தில் மீசை, மீசைக்குக் கீழே மூக்கு, அதற்கும் கீழே கண்ணாடி. நான் அகலமாகச் சிரித்தேன். தலைகீழாக அது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

அவள் வீறிட்டு அழுதாள்.

"அம்மா, அம்மா" என்று எதிரே வருகிற ஒவ்வொரு முகமாகத் தேடினாள். நான் பின்னாலிருந்து "அப்பா இங்கதான் கண்ணு இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்றேன். ஆள் இல்லாமல் குரல் மட்டும் வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? இன்னும் பலமாக அழுதாள். முன்னால் போய் நின்றால், அழ வைத்த முகம் நேராக வந்து நிற்கிறது. ஒரு குடும்பம் நின்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. "உங்க குழந்தைங்களா?" என்று அந்த வீட்டுப் பெரியவர் கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு இரண்டு நொடி ஆனது. அந்த இரண்டு நொடி ஏன் ஆனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அழுகையோடேயே வீட்டுக்குத் தள்ளினேன். படிக்குக் கீழே நின்று, மடிப்பதா, தூக்குவதா, யாரை முதலில் ஏற்றுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அக்கா வந்தார். "வா சாமி, வா, வா" என்று ஒரு கையால் குழந்தையை இடுப்பில் ஏற்றி, மறு கையின் இரண்டு விரலில் வண்டியை மாட்டிக்கொண்டு பதினோரு படியையும் ஏறிப் போனார். ஒரு மாதம் படித்து, தராசில் மாட்டி, மூடி கழட்டிக் குறைத்த எடை, அவர் விரலில் காய்கறிப் பை மாதிரி ஆடிக்கொண்டு போனது. இடுப்பில் ஏறியதும் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டாள்.

தயிர் சாதம் நாலு வாய் சாப்பிட்டாள். சொன்ன மாதிரியே கொஞ்சம் அழுதுவிட்டுத் தூங்கினாள். அவள் முகத்தை அன்று நான் முழுசாகப் பார்த்தது அப்போதுதான். காது என் காது. புருவம் அவள் அம்மாவுடையது. வாயோரம் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அதைத் துடைத்தால் விழித்துக்கொள்வாள் என்று துடைக்காமல் ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுப்பினால் என்ன என்று பலமுறை தோன்றியது. எனக்குக் கொடுத்த எட்டு மணி நேரத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை.

மூன்றேமுக்காலுக்கு எழுந்தாள். படியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளே இறங்கினாள். சந்தில் வண்டியில் ஏற்றி, பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு சரிவில் இறங்க ஆரம்பித்தேன். அரிசியை வைத்து ஒத்திகை பார்த்தபோது பிரச்சினை வரவில்லை. அரிசி முன்னால் எட்டிப் பார்க்காது. இவள் எட்டிப் பார்த்தாள். வண்டி நாலு கிலோ எண்ணூறு, குழந்தை பதினொன்று. பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. நான் இழுத்துப் பிடித்தேன், முதுகு என்னை இழுத்துப் பிடித்தது.

"நிறுத்துங்க! ஏனுங்க, நிறுத்துங்க!" அக்கா ஓடிவந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். "புள்ளைய உருட்டி வுடப் பாக்கறீங்களா? சரிவுல பாரத்த இப்படியா எறக்குவாங்க?"

"பின்ன எப்படிங்கக்கா?"

"முன்னால போங்க. வண்டிக்குக் கீழ நின்னு இந்தக் கம்பியப் புடிங்க. மூட்டையப் பாத்து நில்லுங்க. பின்னாலயே நடங்க."

"எந்த மூட்டை?"

"புள்ளையத்தான் சொல்றேன். சரிவுக்கு எல்லாம் ஒண்ணுதானுங்க."

களத்திலிருந்து சாக்கு ஏற்றிய கைவண்டியை அவர்கள் அப்படித்தான் இறக்குவார்களாம். மேலே ஒருத்தர் பிடித்துக்கொள்வார், கீழே ஒருத்தர். கீழே இருப்பவர் சரிவுக்கு முதுகைக் காட்டி, முகத்தைச் சாக்குக்குக் காட்டி, பின்னால் பின்னால் நடக்க வேண்டும். பாரத்தின் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. வழியை மேலே இருப்பவர் பார்த்துச் சொல்வார். இத்தனை வருஷமாக அந்தக் கைவண்டிகள் என் ஜன்னலுக்குக் கீழேதான் இறங்கிக்கொண்டிருந்தன. நான் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். ஒரு முழத் தூரத்தில் என் மகளின் முகம்.

அக்கா மேலே பிடித்துக்கொண்டார். "எடுங்க. ஒரு அடி. இன்னொரு அடி. எடதுல பள்ளம், கொஞ்சம் அந்தாண்ட போங்க." பின்னால் நடந்தேன். குழந்தை முதலில் என்னை ஒரு மாதிரி ஆராய்ந்தாள். ஏழு கதையும் மறந்துபோயின. முதுகுக்குப் பின்னால் பள்ளம் இருக்கும்போது கதை வராது. என் செருப்பு ஒரு கல்லில் இடறியது. அவள் கண் விரிந்தது.

"பாத்து," என்றாள்.

அவளிடம் எல்லோரும் சொல்லுகிற சொல். அவள் முதன்முதலாக என்னிடம் சொன்னதும் அதுதான்.

"பாத்துத்தான் வரேன் கண்ணு."

"பாத்து. கல்லு."

உண்மையிலேயே கல் இருந்தது. தாண்டினேன். "நாயி" என்றாள், நாய் ஒன்று ஒதுங்கிப் போனது. என் முதுகுக்குப் பின்னால் வருவதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. அது அவளுக்குப் பிடித்துவிட்டது. அக்காவின் வேலையை எடுத்துக்கொண்டாள். "கல்லு!" நான் துள்ளினேன். கீழே பார்த்தால் கல் இல்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுபடி "கல்லு!" மறுபடி துள்ளினேன். இல்லாததைச் சொல்லி அடுத்தவரைத் துள்ளவைத்துச் சிரிக்கிற குணம் யாரிடமிருந்து வந்தது என்று எந்தக் கோர்ட்டிலும் நான் நிரூபிக்கத் தயார்.

ரோட்டுக்கு வந்ததும், "மறுக்கா," என்றாள்.

அக்காவைப் பார்த்தேன். "எனக்கு அடுப்புல ஒலை கெடக்குதுங்க," என்றார். சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பி மேலே தள்ள ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் முறை இறங்கினோம். வழியெல்லாம் கல்லு, நாயி, மாடு. மாடு வரவேயில்லை. என் மூக்கைத் தொட்டாள். மீசையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தலைகீழாக இருந்தபோது அழ வைத்த அதே மீசை.

"மறுக்கா."

மூன்றாம் முறை. பாதிச் சரிவில் ஒன்று நடந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் திடீரென்று மலர்ந்தது. இதுவரை சிரித்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினாள். எழுந்து வந்துவிடுவாள் போல வார்ப்பட்டையை இழுத்துக்கொண்டு நீட்டினாள். கோர்ட்டும் டாக்டரும் எழுதித் தந்தது எல்லாம் மறந்து, ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து அவள் பக்கம் நீட்டிவிட்டேன். பதினோரு கிலோவையும் தூக்கியிருப்பேன்.

"அம்மா!" என்றாள்.

என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்துக்குக் கீழே, ரோட்டில், அவள் அம்மா கால் மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"கம்பியப் புடிங்க சார்," என்றார் அக்கா, மெதுவாக. பிடித்துக்கொண்டேன். மீதிச் சரிவையும் பின்னால் நடந்தே இறங்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கல் இருந்ததா என்று தெரியாது, சொல்லவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டதும் அவள் அம்மா என்னிடம், "நல்லா இருந்தாளா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்தா."

"அழுதாளா?"

"கொஞ்சம். வெயில்ல."

வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். மடித்து, ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். அவருக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை என்பது தெரிந்தது. கோபம் இருந்த நாட்கள் எவ்வளவோ மேல்.

"ரொம்ப லேசா இருக்கே. கொண்டு போறதுக்கு நல்லதாப் போச்சு," என்றார்.

வண்டியை வாங்கி, டிக்கியில் நானே வைத்தேன். காரில் ஏறும்போது "மாமாவுக்கு..." என்று ஆரம்பித்த அக்கா, நாக்கைக் கடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு டாட்டா சொல்லு சாமி," என்றார். கை ஆட்டினாள். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து, பொதுவாக. கார் போனது. மலை இறங்கும் கார்கள் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிப்பது என் வீட்டுக்குக் கேட்கும். அன்று சாயங்காலம் கேட்ட ஹார்ன் ஒவ்வொன்றையும் அவர்களுடையது என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் எப்போதோ சேலம் போய்ச் சேர்ந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் கழித்து அவள் அம்மா போன் செய்தார். சாமான் கட்டுவதற்கு நடுவில் பேசுகிறார் என்று தெரிந்தது, டேப் கிழிக்கிற சத்தம் கேட்டது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன். நேத்து வெளயாடிட்டு இருந்தா. திடீர்னு 'பின்னால பின்னால மாமா'ன்னு சொல்லிட்டு, ரூமுக்குள்ள பின்னாலயே நடந்து காட்டறா. கல்லு கல்லுங்கறா."

 மாமா என்றுதான் சொல்லியிருக்கிறாள், சரி. ஆனால் வெறும் மாமா இல்லை, பின்னால பின்னால மாமா. உலகத்தில் ஆயிரம் மாமா இருக்கலாம், பின்னால் நடக்கிற மாமா ஒருத்தன்தானே. மூன்று நாள் அவள் தலைக்குள் இருந்திருக்கிறேன். புனே வரைக்கும் இருக்க மாட்டேனா? 

நான் பேசாமல் இருந்ததை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் போல. டேப் கிழிக்கிற சத்தம் நின்றது.

"மாமான்னு சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க," என்றார், ஆறுதலாக. "அவளுக்கு இப்ப எல்லாருமே மாமாதான். கேஸ் சிலிண்டர் போட வர்றவரும் மாமாதான். காலி சிலிண்டர எடுத்துட்டு மாடிப்படியில அவரும் பின்னால பின்னாலதான் எறங்குவாரு. நேத்துக் காலைலதான் வந்துட்டுப் போனாரு. இவ சொன்னது உங்களையா, அவரையான்னு எனக்கே சரியாத் தெரியலீங்க."